தூண்டில் நுனியில் மாட்டிய மணி

சுண்டைக்காய் அளவு பித்தளை மணி. தூண்டில் கழியின் நுனியில் கிளிப்போடு மாட்டுவது. மீன் இரையைக் கவ்வி இழுத்தால் கழி ஆடும், மணி அடிக்கும். எங்கள் திருவண்ணாமலையில் மணிச் சத்தத்துக்கா பஞ்சம்? கோயில் மணி, கிரிவலப் பாதையில் ஒவ்வொரு லிங்கத்தின் முன்னும் ஒரு மணி, தெருவில் பஞ்சுமிட்டாய்க்காரர் மணி. எதற்கும் நான் பயந்ததில்லை. இந்தச் சின்ன மணி லேசாக அசைந்தால் மட்டும் எனக்குப் பயம்.

அதைக் கொடுத்தவர் எங்கள் சூப்பிரண்டு மேடம். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் தட்டச்சராகச் சேர்ந்தபோது எங்கள் பிரிவுக்கு அவர்தான் மேலதிகாரி. கிரிவலப் பாதையோரம் அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பம். சின்ன வயதில் ஏரியில் தூண்டில் போட்டவர், நடுவில் சில வருடங்கள் கடலோரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றலாகிப் போனபோது உயரமான பாலத்தின் மேல் நின்று கடல் தூண்டிலும் பழகிவிட்டார். திரும்பி வந்த பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. ஒரு பெண்பிள்ளை தனியாகக் கழியைத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் பார்க்குமே என்று என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். சேர்த்தாரே, ஆளைப் பார்த்துச் சேர்த்தாரா? எனக்கு நீச்சல் தெரியாது. பல்லி விழுந்தாலே கத்துவேன். பயம் எனக்கு ரேஷன் கார்டில் பெயர் போட்ட குடும்ப உறுப்பினர் மாதிரி, போகிற இடமெல்லாம் கூடவே வரும். "இன்னாம்மா, கடல் உன்னை மட்டும் பார்த்து வச்சிருக்குதா? அதுக்கு வேற வேலை இல்லையா?" என்று மேடம் கிண்டல் செய்வார்.

நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமைகளில், அதில் பௌர்ணமி சேர்ந்து வந்தால் கட்டாயம். அதற்குக் காரணம் கடல் இல்லை, எங்கள் ஊர். பௌர்ணமி என்றால் மேடம் வீட்டு வாசலில் லட்சம் கால்கள் நடக்கும். வண்டி எடுக்க முடியாது, வாசலில் நிற்கவும் முடியாது. ரோட்டை அடைப்பதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று விடியலிலேயே காரை எடுத்துவிடுவார். செஞ்சி, திண்டிவனம் தாண்டிக் கடற்கரை. அங்கே ஒரு மீனவர் ஊரில், கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டித் தண்ணீருக்குள் நீட்டி ஒரு சுவர் போட்டிருந்தார்கள். அதன் நுனியில் போய் உட்காருவோம். கிழங்கான் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா. குஞ்சு மீன் சிக்கினால் மேடம் தூண்டில் முள்ளைக் கழற்றித் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார். பயந்து பயந்து போன எனக்கும், மணி அடிக்கும் அந்த ஒரு நொடிக்காக ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் வெளியூர்க்காரர் ஒருவர் அந்தக் கல்லில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். தூண்டில்காரர்கள் யாரும் இனி சுவர் மேல் ஏறக் கூடாது என்று தடை போடப் போவதாகவும், அதற்கு முன் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பதாகவும் பேச்சு வந்தது. படகுக்காரர்களை அழைத்தார்கள், வலைக்காரர்களை அழைத்தார்கள், வியாபாரிகளை அழைத்தார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. "நம்மளைப் பத்திப் பேச எல்லாரையும் கூப்புட்டிருக்காங்க, நம்மளைத் தவிர" என்று மேடம் கொதித்துப்போனார். திண்டிவனம், செஞ்சி என்று எங்களைப் போல் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்களை எல்லாம் போனில் பிடித்துச் சேர்த்தார். அலைந்து திரிந்து, கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேசிக்கொள்ள அனுமதியும் வாங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று. ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தால்? அரசு ஊழியர் அங்கே போய் ஏன் பேசினீர்கள் என்று மெமோ வந்தால்?

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு பௌர்ணமி. ஒருவேளை இதுதான் கடைசியோ என்று போனோம், எப்போதும்போல வெயில் தாழ்வதற்குள் கிளம்பவும் மனம் வரவில்லை. காலையில் கடல் சாதுவாகத்தான் இருந்தது. மதியத்துக்கு மேல் அலைச் சத்தம் கனத்தது. மேடம் புது இரை மாட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மேடம் முகமெல்லாம் சிரிப்பாகிக் கழியைப் பிடித்து, "பெருசும்மா, பெருசு" என்றார். மீன் விட்டு விட்டு இழுக்கும், இது நிற்காமல் அடிக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நடந்து வந்த கற்கள் இல்லை. சுவரின் நடுப்பகுதி முழுக்க வெள்ளை நுரை. "மேடம், தண்ணி" என்றேன். கழியை இழுத்தது மீன் இல்லை, அலை.

கரையிலிருந்து யாரோ கத்தினார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு மீனவர், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அலை உள்வாங்குகிற நேரம் பார்த்துக் கல் கல்லாகத் தாவி வந்தார். கயிற்றை எங்கள் கையில் சுற்றிவிட்டு, "நான் சொல்றப்ப மட்டும் கால வையி. சொல்லாம வைக்காத" என்றார். முட்டிக்கு மேல் தண்ணீர் வந்து இழுத்தது. ஒரு செருப்பு போனது. நான் அண்ணாமலையானைக் கூப்பிட்டேனா, அம்மாவைக் கூப்பிட்டேனா, நினைவில்லை. மணலில் கால் பட்டதும் மேடத்தைப் பார்த்தேன். கழியை விடாமல் பிடித்திருந்தார். அவர் கை நடுங்க, அந்த நடுக்கத்தில் மணி கிணுகிணு என்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. கடலைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார் மீனவர்.

"திருவண்ணாமலை."

"அங்க பௌர்ணமின்னா மலைய சுத்துவீங்க. இங்க பௌர்ணமின்னா தண்ணி ஏறும், படக மேல இழுத்துப் போட்டுருவோம். இதுகூடவா தெரியாது?"

தெரியாதுதான். யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அந்த வாரமே கூட்டம். முன் வரிசையில் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்களோடு கயிறு கட்டி வந்த அதே மனிதர் உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறந்து நடந்ததைச் சொன்னால் முடிந்தது கதை, எங்களுக்கு வாழ்நாள் தடைதான். மேடத்தின் முறை வந்தது. எழுதி வைத்திருந்ததை மடித்துப் பைக்குள் போட்டார். பிறகு, அந்த மனிதர் சொல்வதற்கு முன் மேடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"பௌர்ணமி, அமாவாசை அன்னைக்கு எங்கள கல்லு மேல ஏத்தாதீங்க. நாங்களே கேக்கறோம். மத்த நாள்ல விடுங்க. ஆனா இதெல்லாம் பேசி முடிவு பண்ற எடத்துல எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்க. முன்னாடியே போட்டிருந்தா, பௌர்ணமிக்குத் தண்ணி ஏறும்னு எங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். இந்தப் பொண்ண கூட்டிட்டுப் போயி அங்க நின்னிருக்க மாட்டேன்."

கூட்டம் நடத்திய அதிகாரி பேனாவை மூடினார். கயிற்றுக்காரர் எழுந்தார்.

"போடுங்க சார்" என்றார். "வருசா வருசம் நாங்க கயிற எடுத்துட்டு ஓட முடியாது."

நாற்காலி கிடைத்தது, ஒன்றே ஒன்று. தடை பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மட்டும் என்றானது. திரும்பும் வழியில், செஞ்சிக் கோட்டை தெரிகிற இடத்தில் மேடம் காரை ஓரம் கட்டினார். கழியையும் மணியையும் என் மடியில் வைத்து, அடுத்த கூட்டத்துக்கு நீ போ என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானா மேடம், நானே ஒரு பயந்தாங்கொள்ளி என்றேன்.

"அதான் உன்ன சொல்றேன். மணி அடிச்சப்ப நான் மீனுன்னு நெனச்சேன். நீ திரும்பிப் பாத்த."

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். அதன் பிறகு அவர் கடலுக்கு வரவேயில்லை. அந்த நாற்காலியில் நான் உட்காருகிறேன், ஒவ்வொரு முறையும் பயத்தோடுதான். பௌர்ணமி தவறாமல் சாயங்காலம் போன் வரும். "எங்க இருக்க?" என்பார். "வீட்லதான் மேடம்" என்பேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது, ஆனாலும் உடனே வைக்கவும் மாட்டோம்.

இன்றும் பௌர்ணமி. சன்னலுக்கு வெளியே கிரிவலக் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. போன் வந்து போய்விட்டது. சற்று முன் காற்றில் மூலையில் சாத்தியிருந்த கழி அசைந்து மணி அடித்தது. கடல் எங்கே, திருவண்ணாமலை எங்கே. ஆனாலும் எழுந்து போய்க் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.