தெற்கு மதகின் கைப்பிடி

காவிரி பூம்புகாரில் கடலோடு கலக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் அதை ஒப்பித்தால் அப்பா சிரிப்பார். அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஆற்று மதகுகளைத் திறந்து மூடும் வேலை. அவர் பார்வையில் காவிரி ஓர் ஆறே அல்ல. கல்லணையில் வெண்ணாறும் புது ஆறும் பிரிகின்றன. வெண்ணாறு மறுபடி கிளைவிடுகிறது. கிளைகள் வாய்க்கால்களாகி, கடைசியில் ஒருவர் மண்வெட்டியால் வெட்டிவிடுகிற அளவுத் தண்ணீராகத்தான் அது வயலுக்குள் நுழைகிறது. "கடலுக்குப் போறது மிச்சம்தான்" என்பார். கல்லணையைக் கட்டிய சோழ ராஜாவுக்கு அடுத்தபடியாக இந்தத் தண்ணீரைப் பங்கு போடுகிறவர் அப்பாதான் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

கூத்தாநல்லூருக்கு மேற்கே வெண்ணாற்றின் கிளையொன்று இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு மதகுப் பாலம். ஊரார் அதைச் சட்ரஸ் என்பார்கள். பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கரைமேல் எங்கள் வீடு. வடக்கு மதகைத் திறந்தால் தண்ணீர் மிராசுதாரின் வயல்களுக்குப் போகும். தெற்கு மதகைத் திறந்தால் கடைமடைக்கு. அங்கே முப்பது நாற்பது குடும்பங்கள் மிராசுதாரின் நிலத்தையே குத்தகைக்குப் பயிர் செய்து வந்தன. இரண்டையும் திருகித் தூக்க ஒரே கைப்பிடிதான். முழங்கை போல் வளைந்த இரும்பு. என்னால் ஒரு முனையை மட்டுமே தூக்க முடியும்.

ஆட்சி மாறி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வருகிறது என்று பேச்சு. பதிய வரும் அதிகாரி வயலில் பயிர் நிற்கிறதா என்று பார்ப்பார். பயிர் இல்லையென்றால் நிலத்தை யாரும் உழவில்லை என்று மிராசுதார் எழுதவைத்துவிடலாம். கடைமடைக் குடிசைகளில் சிவப்புக் கொடி பறந்தது. அவர்கள் விட்டிருந்த நாற்றோ தண்ணீரில்லாமல் நுனி கருகத் தொடங்கியிருந்தது. பக்கத்து மதகின் லஸ்கரை அந்த மாதம்தான் யாரோ வரப்பில் தள்ளி அடித்திருந்தார்கள். யார் அடித்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று காலை மிராசுதாரின் வில்வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. அப்பா காக்கிச் சட்டையை ஆணியில் விட்டுவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினார். கலந்து பேச ஐயா கூப்பிட்டிருக்கிறார், சாயங்காலம் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது வண்டி மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி மறைந்ததும் அம்மா காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆடிப் பதினெட்டாம் தேதி பகல் பத்து மணிக்குத் தெற்கு மதகைத் திறந்து நான்கு நாள் தண்ணீர் விடவேண்டும் என்று இன்ஜினீயர் கையெழுத்துப் போட்டிருந்தார். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

அம்மா சமையலறைப் பரணில் ஏறி, நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து கைப்பிடியை இறக்கினாள். தம்பி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். ஏழு மாதக் குழந்தை. அவனைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, இரும்பைப் பழைய புடவையில் சுற்றித் தூளிக்குள் வைத்தாள். அதன்மேல் அப்பாவின் வேட்டியை மடித்துப் போட்டு, தம்பியைக் கிடத்தினாள். அவன் முகத்திலும் கழுத்திலும் மஞ்சளை அரைத்துப் பூசினாள். வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகினாள்.

"ஆட்டிக்கிட்டே இரு. மெதுவா. செவுத்துல இடிக்கக் கூடாது. யாரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்காத."

மிராசுதாரின் காரியஸ்தர் வந்தபோது இரண்டு ஆட்கள் கூட வந்தார்கள். காரியஸ்தர் எனக்குத் தெரிந்தவர்தான். கோவில் விசேஷத்தில் பொட்டுக்கடலை கொடுப்பார். அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, நேரே சமையலறைக்குப் போய் ஓர் ஆளைப் பரணில் ஏற்றினார். நெல் மூட்டை புரளும் சத்தம் கேட்டது. ஒன்றும் இல்லை என்று மேலேயிருந்து குரல் வந்தது. அம்மா அடுப்படியில் நின்று காப்பரிசி கலந்துகொண்டிருந்தாள். கைப்பிடி எங்கே என்று கேட்டதற்கு, அவர் கொண்டுபோயிருப்பார், எனக்கென்ன தெரியும் என்றாள்.

அவர்கள் பெட்டியைத் திறந்தார்கள், பாயை உதறினார்கள், அண்டாவைக் கவிழ்த்தார்கள். நான் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிடத் தாழ்ந்து தரையை உரசுவதுபோல் தொங்கியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உத்தரம் முனகியது. தம்பி விழித்துவிட்டான். அடியில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். உடம்பை நெளித்து முகத்தைச் சுளித்தான்.

காரியஸ்தர் தூளிப் பக்கம் வந்து நின்றார். அவர் கை புடவை விளிம்பைப் பிடித்தது. நான் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"புள்ளைக்கு மாரியாத்தா பார்த்திருக்கா" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து, குரலை உயர்த்தாமல். "செருப்பக் கழட்டாம வந்துட்டீங்க. போகட்டும். கையையாவது எடுங்க."

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். வேப்பிலை அப்போதுதான் கண்ணில் பட்டதுபோலும். கையை விட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆட்களிடம் ஏதோ முணுமுணுத்தபடி வெளியேறினார். மூவரும் பாலத்துக்குப் போய் மதகுகளுக்கு முன்னால் நின்றுகொண்டார்கள்; ஆட்கள் கையில் கம்பு இருந்தது.

பத்து மணிக்குக் கடைமடைப் பெண்கள் கரைவழியே வந்தார்கள். அவர்கள் பக்கம் வாய்க்கால் காய்ந்து கிடந்ததால், பெருக்குக்குப் படைக்க எங்கள் பாலத்தடிக்கு வந்திருந்தார்கள். ஆண்கள் வந்தால் அடிதடி ஆகும் என்று அவர்களை ஊரிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். ஆடியில் காவிரி பிள்ளைத்தாய்ச்சி. அவள் மசக்கைக்கு இருபது கூடைகளில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் மஞ்சள் சரடும் வந்தன. அம்மா தம்பியை என் இடுப்பில் ஏற்றினாள். கைப்பிடியைக் கூடையில் வைத்து, மேலே வாழையிலை போட்டு மூடி, தலையில் தூக்கிக்கொண்டாள். நான் பின்னால் நடந்தேன்.

படைக்கப் போகும் பெண்களைக் கம்புக்காரர்கள் தடுக்கவில்லை. தெற்கு மதகின் மேடையில் அம்மா கூடையை இறக்கினாள். சூடம் ஏற்றினாள். அது எரிந்து முடியும்வரை கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இலையை விலக்கி இரும்பை எடுத்து மதகின் திருகில் பொருத்தினாள்.

"அதுல கைய வெக்காத" என்று ஒருவன் கம்பை ஓங்கிக்கொண்டு வந்தான். பெண்கள் அம்மாவைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். அவர்களில் உயரமான ஒருத்தி, நடவுக் கூட்டத்துக்குத் தலைமைக்காரி, கையில் மஞ்சள் சரடோடு அவனுக்கு நேராக நின்றாள்.

"அடிக்கிறதுன்னா அடி. அடிச்ச அதே கையால உன் பொண்டாட்டிக்கு இந்தச் சரட்டக் கொண்டுபோய்க் கட்டு."

கம்பு அந்தரத்தில் நின்றது. அது அம்மாவின் தலைக்கு நேராக இருந்ததை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி வீறிட்டு அழுதான். காரியஸ்தர் பாலத்தின் மறுகோடியிலிருந்து, "விடுடா, வேண்டாம்" என்றார்.

திருகு இறுகிக் கிடந்தது. அம்மாவால் தனியாக முடியவில்லை. நான்கு பெண்கள் கைகொடுத்தார்கள். துரு உதிர்ந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பாலம் காலடியில் அதிர்ந்தது. அடியில் தண்ணீர் சீறிக் கிளம்பியது. காய்ந்த வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு அது ஓடியது. பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா கைப்பிடியை விடாமல் அந்த மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

அந்த நாற்று பிழைத்தது, பயிர் பதிவானது, மூன்றாம் மாதம் அப்பாவைப் பட்டுக்கோட்டைப் பக்கம் புது ஆற்றுக் கரைக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் பிறகு.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே அப்பா நடந்து வந்தார். வண்டியில் கொண்டுவந்து விடவில்லை. அம்மா சோறு போட்டாள். அவர் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"எங்க வெச்சிருந்த?"

"நீங்க அவங்களுக்குச் சொல்லியனுப்புன எடத்துல வெக்கல" என்றாள் அம்மா.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அவருக்கு விடை தெரியவில்லை என்று நினைத்து, நான் பெருமையாகச் சொன்னேன், தம்பிக்கு அடியில் வைத்திருந்தோம் என்று. அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய்த் தம்பியைத் தூளியிலிருந்து எடுத்தார். அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகில் இரும்பின் வளைவு சிவப்பாகப் பதிந்திருந்தது. அப்பா அதன்மேல் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தவர் அழத் தொடங்கினார். அம்மா எழுந்து வரவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு சின்னத் தடத்துக்கு அழுகிறாரே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டு, "காலைல மறைஞ்சிடும்ப்பா" என்றேன்.