வீட்டில் விட்டுவந்த கட்டை

மைலேஜ் கூடுமென்று என் பிக்கப் வண்டியிலிருந்த தேவையில்லாத கனத்தையெல்லாம் வீட்டில் இறக்கிவைத்தேன். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையையும் சேர்த்தே இறக்கிவிட்டேன்.

மறுநாள் வத்தல்மலையிலிருந்து இறங்கும்போது பின்னால் நாலு பெண்கள் இருந்தார்கள். வழியில், தலையில் சாமை மூட்டையோடு ஓர் அக்கா கை காட்டினார். சரிவிலேயே நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு இறங்கினேன்.

வண்டி தானாக நகர்ந்தது. பின்னால் ஒரே அலறல். பத்தடியில் பள்ளம். அந்த அக்காதான் ஓடி, மூட்டையை முன்சக்கரத்தடியில் போட்டார். சாக்கு கிழிந்து சாமை சிதற, வண்டி நின்றது.

"கட்டை போடலீங்களா?"

"பிரேக் புடிக்கலீங்க அக்கா" என்றேன். கட்டை வீட்டில் கிடப்பதைச் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

எவ்வளவு கெஞ்சியும் அவர் ஏறவில்லை. மற்ற நால்வரும் இறங்கி, அவரோடு நடந்தே போனார்கள்.

அதற்குமுன் என் வண்டி அத்தனை லேசாக ஓடியதே இல்லை.