வேதாசலத்தின் கட்டை எழுத்து

காம்பஸ் ஊசியைத் தகரத்தில் குத்தி வட்டம் போடுகிறார் வேதாசலம். மேற்குத் தாம்பரத்தில் வீட்டின் முன்னறைதான் அவருக்குப் பட்டறை. ஒரு வட்டம், ஸ்கேல் வைத்த ஒரு கோடு. இந்த இரண்டை விட்டால் அவர் எழுத்தில் வேறு சங்கதி கிடையாது. கொம்பானாலும் சுழியானாலும் ஒரே கனம், நூலளவும் கூடாது, குறையாது. நெளிவு, நிழல், பூவேலை என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு.

"இன்னா சார், கல்யாணப் பொண்ணா இது, ஜோடிக்கிறதுக்கு? போர்டு! பஸ்ல போறவன் கண்ல அடிக்கணும்."

அடிக்கத்தான் செய்கிறது. செம்பாக்கத்து மனை விற்பனைப் பலகை, காட்டாங்குளத்தூர் கல்லூரிப் பஸ்ஸின் பக்கவாட்டு, திருமுடிவாக்கம் பட்டறைகளின் 'அபாயம்' எல்லாம் அவர் கைவரிசை. இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில், மற்ற ஆர்ட்டிஸ்டுகளிடமும் "வேதாசலம் கட்டைல போடு" என்று கேட்கிறார்கள்.

அந்தக் கட்டை எழுத்து ஏன் வருஷத்துக்கு வருஷம் பருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. மனைவி தனத்துக்கு மட்டும் தெரியும். பங்குனியில் ஒரு பட்டப்பகலில் அவள் வாசலில் வந்து நின்றபோது, "யாரும்மா, இன்னா போர்டு வேணும்?" என்று கேட்டார். அவள் உள்ளே போய் அடுப்படியில் அழுதாள். அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இருவரும் பங்கு போட்டுச் செய்துவந்தார்கள். விஷயம் வெளியே போனால் கண் தெரியாத ஆர்ட்டிஸ்டிடம் யார் பலகை கொடுப்பார்கள்?

இன்று காலை திருமுடிவாக்கத்திலிருந்து சூப்பர்வைசர் சம்பத் வந்தார். 'அபாயம்' எழுதி முடித்த பலகையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"சூப்பர்ணா. கீழே நாலு லைன் பொடியா எழுதிடு. மிஷின்ல கை வைக்கறதுக்கு முன்னால இன்னா செய்யணும்னு. தனம்க்கா, இந்த சீட்ட அண்ணன் எழுதறப்போ படிச்சுக் காட்டுங்க."

"பொடி எழுத்த எவன் படிப்பான் சம்பத்து? வேணாம் வுடு."

"இன்ஸ்பெக்டர் கேக்கறாருண்ணா. போன மாசம் ஒரு பையனுக்கு ரெண்டு விரல் பூட்ச்சி. எழுதிக் குடு, கையோட எடுத்துகினு போறேன். உன்னால முடியாதா இன்னா?"

வேதாசலம் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. மெல்லிய பிரஷ்ஷை எடுத்தார். தனம் டீயைக் கொடுத்துவிட்டு, சம்பத்துக்குப் பலகை தெரியாதபடி முதுகைக் காட்டி உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். முதல் வரி பழக்கத்திலேயே நேராக ஓடியது. பாவம், வேதாசலத்துக்கே ஒரு தைரியம் வந்துவிட்டது.

இரண்டாவது வரிக்குத் தொட்ட பிரஷ், ஈரம் காயாத முதல் வரியின் மேலேயே இறங்கியது.

தனம் படிப்பதை நிறுத்தவில்லை. ஆள்காட்டி விரலைப் பலகையில், முதல் வரிக்கு அடியில் நீட்டி வைத்தாள். பிரஷ் அவள் நகத்தைத் தொட்டு நின்றது. வேதாசலம் நிமிரவில்லை. பிறகு இடது கையால் அந்த விரலைத் தடவிப் பார்த்து, அதன் ஓரமாக எழுத ஆரம்பித்தார்.