அஞ்சலை என்று எழுதியிருந்த கை

மலாக்காவுக்கு வந்த முதல் வாரத்தில் ஒருநாள், கல்லூரி வாசலில் நின்ற காவலாளி வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மழை வருதுலா டாக்டர், குடை எடுத்துக்குங்க" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். "வருதுலா", "சொன்னேம்லா" என்பதெல்லாம் எங்கள் திருநெல்வேலிப் பேச்சு. கடல் கடந்து வந்து யாரையும் தெரியாமல் கிடந்தவளுக்கு, அந்த ஓரெழுத்து சொந்தக்காரர் ஒருவர் தோளைத் தொட்டதுபோல் இருந்தது. "அண்ணாச்சி திருநெல்வேலியா?" என்று ஆசையாகக் கேட்டேன். அவர் விழித்தார். "இல்ல டாக்டர், நான் தஞ்சோங் கிளிங். தாத்தா சேலத்துப் பக்கம்னு சொல்வாங்க, சரியா தெரியல" என்றார். அந்த "லா" மலாய்க்காரர்களிடமிருந்து வந்தது, சீனர்களும் அதைத்தான் வார்த்தைக்கு வார்த்தை சேர்க்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. தெரிந்த பின்னும், பேருந்தில் முதுகுக்குப் பின்னால் யாராவது "ஆமாலா" என்றால் என் தலை தானாகத் திரும்பும். இரண்டு வருடம் ஆகியும் அது நிற்கவில்லை.

ஊரிலிருந்து இளம் மருத்துவர்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். மலேசியாவில் மருத்துவக் கல்லூரிகள் புதிதாக வருகின்றனவாமே, ஆசிரியர் வேலை கிடைக்குமா, ஆராய்ச்சிக்கு வசதி உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு. உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற பாடங்களுக்கு உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிது. நோயாளிகளைப் பார்த்துச் சம்பாதிப்பதை விட்டுவிட்டு வகுப்பெடுக்க யார் வருவார்கள்? ஒப்பந்த வேலை, தங்க வீடு, நல்ல நூலகம், கேட்டால் கிடைக்கிற நுண்ணோக்கி. நானும் நாளிதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் விண்ணப்பித்தேன். முன்கையில் ஓடும் ரத்தக் குழாய்கள் ஆளுக்கு ஆள் எப்படி வேறுபடுகின்றன என்பது நான் பல வருடமாகச் செய்ய நினைத்திருந்த ஆய்வு. பாளையங்கோட்டையில் அதற்கு நேரமும் இல்லை, கேட்பாரும் இல்லை. என் கணவர்தான், "பையனை நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா" என்று அனுப்பினார். ஆகவே வாருங்கள் என்றுதான் நான் எழுத வேண்டும். ஆனால் இங்கே எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லாமல் அப்படி எழுத என்னால் முடியவில்லை.

ஊரில் நான் பாடம் நடத்திய கூடம் நீளமானது. ஜன்னல்களில் காக்கை வந்து உட்காரும். அரசு மருத்துவமனையில் யாரும் கேட்டு வராத உடல்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இங்கே கூடம் சிறியது, குளிரூட்டப்பட்டது. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பாடம் நடத்த வேண்டும். உடல்கள் கிடைப்பது அபூர்வம்; கல்லூரி திறந்தபோது நான்கு மேசைகள்தான். நால்வருமே உறவினர் யாரும் தேடி வராதவர்கள். பெயர் எங்களுக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்பதே முறை. மேசை எண்தான் பெயர். மூன்றாம் மேசையில் இருந்தவர் மெலிந்த, உயரமான மனிதர். இடப்பக்கக் காறை எலும்பு எப்போதோ முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. மருத்துவம் பார்க்காமல் விட்டால் எலும்பு எப்படித் தானே ஒட்டிக்கொள்கிறது என்று மாணவர்களுக்கு அதைத்தான் காட்டினேன்.

கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் என்சிக் ரசாலி; என்சிக் என்றால் நம் 'திரு'. ஐம்பது வயதிருக்கும். தமிழ் தெரியாது, எனக்கு மலாய் சந்தையில் காய் வாங்குகிற அளவுக்குத்தான். மூன்றாம் மேசைக்காரரின் இடது முன்கையை மட்டும் அவர் எப்போதும் ஒரு வெள்ளைத் துணியால் சுற்றி வைப்பார். தோல் உலராமல் இருக்கச் செய்கிறார் என்று நினைத்தேன். முன்கைப் பாடம் வந்த அன்று நான் துணியை அவிழ்க்கப் போனதும் அவர் தயங்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "டோவா, டாக்டர்" என்றார். டோவா என்றால் பிரார்த்தனை. நாம் தொடங்குமுன் ஒரு பிரார்த்தனை சொல்லச் சொல்கிறார் என்று எண்ணி நானும் தலை குனிந்து நின்றேன். அவர் தலையை ஆட்டி, துணியைத் தானே விலக்கிக் காட்டினார். பழுப்பேறிய தோலில் பச்சை குத்திய எழுத்துகள். அந்த வளைந்த எழுத்தை ஏதோ மந்திரம் என்று எண்ணி, அதன் மேல் கத்தி படக்கூடாதே என்று அத்தனை மாதமும் மூடி வைத்திருக்கிறார்.

நான் வாய் திறக்குமுன் தேவி படித்துவிட்டாள். அந்தக் குழுவில் இருந்த ஒரே தமிழ்ப் பெண் அவள். ரெம்பியா பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து தமிழ்ப் பள்ளியில் படித்தவள். "மந்திரம் இல்லலா டாக்டர். பேரு. அஞ்சலை" என்றாள். பக்கத்தில் நின்ற சீனப் பையன் ஆங்கிலத்தில், "அது இவருடைய பெயரா?" என்று கேட்டான். இல்லை, ஒரு பெண்ணின் பெயர் என்றேன். அவன் கையிலிருந்த இடுக்கியை மெதுவாகக் கீழே வைத்தான். அன்று அந்த மேசையில் பாடம் நடக்கவில்லை.

அதன் பிறகு அந்தப் பெயர் என்னை விடவில்லை. பாசாரில் மீன் வாங்கும்போது யாரோ அழைத்ததுபோல் இருக்கும்; திரும்பினால் எவரும் இருக்கமாட்டார்கள். சோற்றில் கை வைத்தால் பார்மலின் வாடை வந்தது. வகுப்பில் மாணவர்கள் கை தூக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்காமல் முன்கையைப் பார்த்தேன். ஊரில் நான் பாடம் நடத்திய கைகளில் எத்தனை பெயர்கள் இருந்திருக்கும்! எல்லாமே தமிழ்க் கைகள். தமிழ் நாலாபக்கமும் இருந்த இடத்தில் அவை கண்ணில் படவேயில்லை. தமிழ் அரிதான இடத்தில் ஒரே ஒரு பெயர் என்னைப் பிடித்துக்கொண்டது.

டீனிடம் போனேன். நல்ல மனிதர். "சொந்தக்காரர் யாராவது வந்து கேட்டால் உடனே கொடுத்துவிடலாம். வராதவரை பாடம் நடக்கட்டும்" என்றார். ரசாலிக்கு ஒன்று தெரிந்திருந்தது. உடலை எடுத்துவர வேனில் போனவர் அவர்தான். "ஓராங் எஸ்டேட். டெக்காட் ரெம்பியா" என்றார். எஸ்டேட்காரர், ரெம்பியா பக்கம் என்று எனக்கே புரிந்தது. தேவியின் அம்மாவைக் கேட்டால் தெரியும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போனோம். இறங்கி நடந்தபோது, "இங்கதான் எங்க லயம் இருந்துச்சு டாக்டர்" என்று, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்த இடத்தைத் தேவி கை காட்டினாள். சிவப்பு மண்ணை வெட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். புதிய வீட்டுமனைகளுக்கான பலகை நின்றது. மருத்துவமனையிலிருந்து அவருடைய உறவினரைத் தேடி வந்திருந்தால் இந்தப் பலகையைத்தான் பார்த்திருப்பார்கள். எஸ்டேட் விற்கப்பட்டு, ஆட்கள் நாலு திசைக்கும் போய்விட்டார்கள். தேவியின் அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சலைன்னா ரெண்டு பேரு இருந்தாங்கம்மா. ஒருத்தவங்க தவறிட்டாங்க. இன்னொருத்தவங்க தஞ்சோங் கிளிங்ல மகன் வீட்டுல இருக்காங்க. ஹோட்டல்ல துணி துவைக்கிற வேலை."

ஹோட்டலின் பின்பக்கம் கடலைப் பார்த்து வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்து அந்த அம்மாள் வந்தார். அறுபதை நெருங்கிய வயது, நெற்றியில் பெரிய பொட்டு, ஈரக் கைகள். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "எனக்கு அப்படி யாரையும் தெரியாதும்மா" என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பினோம். சாலையோரம் பேருந்துக்கு நிற்கையில், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவர் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"எந்தக் கை?" என்று கேட்டார்.

"இடது கை."

அப்படியே சாலையோரக் கல்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "மாரிமுத்து" என்றார். அவ்வளவு நாளாக மூன்றாம் மேசையாக இருந்தவருக்கு அந்த நொடியில் பெயர் வந்தது. இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்கு இந்த அம்மாளின் அப்பா சம்மதிக்கவில்லை. லாரி ஓட்டுகிற ஒருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். மாரிமுத்து ஜொகூர் பக்கம் போனதாகக் கேள்வி. வேறு கல்யாணம் செய்துகொண்டாரா, எப்போது திரும்பி வந்தார் என்று எதுவும் தெரியாது. "பச்ச குத்துனது எனக்குத் தெரியாதும்மா. நான் பாத்ததே இல்ல" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காறை எலும்பு முறிந்து கூடியிருந்ததைச் சொன்னேன். அவர் கை வாய்க்குப் போனது. "ரம்புத்தான் மரத்துல இருந்து விழுந்தாரு. பழம் வேணும்னு நான்தான் கேட்டேன். வலிக்குதான்னு கேட்டா சிரிச்சாரு. யாருகிட்டயும் சொல்லல."

"நீங்க கேட்டா உடலைக் கொடுப்பாங்கம்மா. நான் பேசுறேன்" என்றேன்.

"நான் யாருன்னு சொல்லிக் கேக்கறது?" என்று என்னைப் பார்த்தார். பிறகு அவரே கடலைப் பார்த்தபடி, "ஒண்ணு மட்டும் செய்ங்கம்மா. அந்தப் பேர எடுத்துடுங்க. எம் மகன் இருக்கான், மருமக இருக்கா. இத்தன வருஷம் ஒரு பேச்சு இல்லாம வாழ்ந்துட்டேன். நாலு புள்ளைங்க நின்னு எம் பேரப் படிக்க வேணாம்" என்றார். பேருந்து வந்தது. அவர் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் விரிப்புகளுக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை மாணவர்கள் வருமுன் நானே அதைச் செய்தேன். முன்கைத் தோலை எத்தனையோ முறை பிரித்திருக்கிறேன்; அன்று எழுத்துகளில் படாமல் கத்தியைச் சுற்றி நகர்த்தினேன். ரசாலி பக்கத்தில் நின்றார். அது பிரார்த்தனை அல்ல, ஒரு பெண்ணின் பெயர் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர், "சாமா லா, டாக்டர்" என்றார். ரெண்டும் ஒன்றுதான் என்று அர்த்தம். அந்தத் தோலைத் தன் வெள்ளைத் துணியிலேயே மடித்து, கடைசியில் உடலோடு சேர்க்க வேண்டியவற்றுக்காக மாரிமுத்துவுக்கென்று வைத்திருந்த பெட்டியில் பத்திரமாக வைத்தார். தோலுக்குக் கீழே இரண்டு குழாய்கள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று ஓடின. என் ஆய்வுக்கு நான் தேடிக்கொண்டிருந்த அபூர்வமான அமைப்பு அதுதான். வரைந்து வைத்துக்கொண்டேன். பின்னால் அது கட்டுரையாகவும் வந்தது. அதில் அவர் "ஓர் ஆண் உடல்". மாநாட்டில் கைதட்டினார்கள்.

வருட முடிவில் நால்வருக்கும் கல்லூரியே முறைப்படி இறுதிச் சடங்கு செய்தது. அவரவர் சமய முறையை விசாரித்துச் செய்தார்கள். மாரிமுத்துவின் சாம்பலைக் கரைக்கத் தஞ்சோங் கிளிங் கடலுக்குப் போனோம். மாணவர்களும் வந்தார்கள், ரசாலியும் வந்தார். தேவி சொல்லிவிட்டிருக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி, யாரோ வேடிக்கை பார்ப்பவர்போல அந்த அம்மாளும் நின்றார். கோயில் பண்டாரம் பூவையும் பாலையும் எடுத்து வைத்துவிட்டு, "இறந்தவங்க பேரு?" என்றார். சொன்னேன். "ஊரு?" என்றார். எஸ்டேட் பெயரைத் தேவி சொன்னாள். "அது இல்லம்மா. பூர்வீகம். தமிழ்நாட்டுல எந்த ஊரு?" என்று கேட்டார். நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். அவருக்கும் தெரியாது, மாரிமுத்துவுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. எல்லோரும் காத்திருந்தார்கள். நான் என் ஊரின் பெயரைச் சொன்னேன். பண்டாரம் அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்லி முடித்தார். சாம்பல் அலையில் இறங்கிப் போனது. நிமிர்ந்து பார்த்தபோது அந்த அம்மாள் நின்ற இடத்தில் யாரும் இல்லை.

அடுத்து வந்த ஆடி அமாவாசைக்கு நான் விடுப்பில் ஊரில் இருந்தேன். தாமிரபரணிக் கரையில் என் அண்ணன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தான். நான் படிக்கட்டில் நின்றேன். முடியப்போகிற நேரத்தில், "வேற யாரும் உண்டுமா?" என்று ஐயர் கேட்டார்.

"மாரிமுத்து" என்றேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். "யாரு அது?"

"நம்ம ஊர்க்காரர்தான். மலாக்காவுல இறந்துட்டாரு."

"நம்ம ஊரா?" கையில் எள் ஈரத்தோடு ஒட்டியிருக்க, அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "எந்தத் தெரு?"