ழ-வில் தொடங்கும் ஒரு பெயர்

எங்கள் வீட்டில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வெளிமாநிலத்து ஆள் யார் வந்தாலும், சாப்பிட்டு முடித்ததும் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, அதன் பெயரைச் சொன்னால்தான் உரிக்கலாம் என்பார் அப்பா. அரியலூர் சிமெண்ட் ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவருக்கு இதற்கு ஆள் பஞ்சமே கிடையாது. பீகார்காரர், ஒரிசாக்காரர், ஆந்திராவிலிருந்து வந்த லாரி டிரைவர் என்று எல்லாரும் எங்கள் கூடத்தில் நாக்கைப் புரட்டித் தோற்றுப்போயிருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பரீட்சை வைக்கிற அப்பாவே "வாளப்பளம்" என்றுதான் சொல்வார். அம்மாவும் அப்படித்தான். சொல்லப்போனால் எங்கள் தெருவுக்கே ழ கிடையாது.

எனக்கும் கிடையாது. ஆறாம் வகுப்பில் அதுதான் பெரிய தலைவலியாகிவிட்டது. ஆண்டு விழா பேச்சுப் போட்டியில் ழகரத்தின் சிறப்பு பற்றிப் பேசுகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன். முதல் ஒத்திகையிலேயே தமிழ் டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "ழகரத்தப் பத்திப் பேசுற புள்ள 'தமிள்'னு சொன்னா சபையில சிரிப்பாங்கடி. திங்கக்கிழமைக்குள்ள வரலன்னா வேற ஆளப் போட்டுடுவேன்." அந்த வேற ஆள் முன்பெஞ்சில் உட்கார்ந்து அப்போதே வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விட்டேனா? ஒரு துண்டு வெல்லத்தை மேலண்ணத்தில் உள்தள்ளி ஒட்டிவைத்து, நாக்கு நுனியை மடித்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி முன்னால், கொல்லையில், பஸ்ஸில். "என்னடி எந்நேரமும் மாடு மாதிரி அசை போடுற?" என்று அம்மா திட்டினாள். வெல்ல டப்பா பாதி காலியான பிறகு, சனிக்கிழமை காலையில் பல் விளக்கும்போது ழ வந்தே விட்டது. அடேயப்பா, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! மழை, கோழி, புழு, கிழவி என்று கண்ணில் பட்டது படாதது எல்லாவற்றையும் கூப்பிட்டுப் பார்த்தேன். பேச்சின் கடைசி வரியை எத்தனை தடவை சொன்னேனோ. "இந்த ஒலி உலகத்தில் வேறு எந்த மொழியிலும் இல்லை!" அந்த இடத்தில் வலது கையை உயர்த்த வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

மறுநாள் மத்தியானம் அப்பா ரெங்கன் சாரைச் சாப்பிடக் கூட்டி வந்தார். ரெங்கன் சார் சீனாக்காரர். ஆலையில் புது மிஷின் பூட்ட வந்தவர். கூட வந்தவர்கள் ஊர் திரும்பிவிட, அவர் மட்டும் ஆறு மாதமாகத் தனியாக இருந்தார். அவர் பெயர் ஏதோ ரென் என்று வருமாம். வாட்ச்மேன் வாயில் அது நுழையவில்லை. ரெங்கன் என்று கேட் நோட்டில் எழுதிவைத்தார்; ஆலை முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

"நம்ம வூட்டுச் சோறெல்லாம் திம்பாராங்க அவரு?" என்று அம்மா அடுப்படியிலிருந்து பதறினாள்.

"அவங்க ஊர்லயும் சோறுதாண்டி," என்றார் அப்பா. மனிதர் ரசத்தை மூன்று முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

பிறகு வழக்கம்போல வாழைப்பழம் வந்தது. "எங்க, வாளப்பளம் சொல்லுங்க சார்." அவர் அப்பா சொன்னதை அட்சரம் பிசகாமல் "வாளப்பளம்" என்றார். "பாத்தியா, வரல!" என்று அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. முந்தின நாள்தானே வித்தை கைக்கு வந்திருக்கிறது, சும்மா இருக்க முடியுமா? முன்னால் போய் நின்று "வாழைப்பழம்" என்றேன். அவர் என் வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு வெல்லமும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் அவரும் "வாழைப்பழம்" என்றார். சுத்தமான ழ.

அப்பா வாயைப் பிளந்தார். அவரோ நெஞ்சைத் தொட்டுக் காட்டித் தன் பெயரைச் சொன்னார். அது ரென்னும் இல்லை, ரெங்கனும் இல்லை. ழென். தமிழில் எந்தச் சொல்லும் ழ-வில் தொடங்காது என்று நான் மனப்பாடம் செய்துவைத்திருக்க, இந்த மனிதர் தன் பெயரையே அதில் தொடங்குகிறார்! எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று நானும் சொன்னேன். "ழென்." அவர் பழத்தைக் கீழே வைத்துவிட்டார். இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினார். சொன்னேன். மறுபடியும் காட்டினார். மறுபடியும் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"ரசத்துல மொளகு தூக்கலாப் போச்சு போலருக்கு. மோர் கொண்டாடி," என்றாள் அம்மா.

மோரை எடுக்கும்போதுதான் எனக்குப் பேச்சின் கடைசி வரி ஞாபகம் வந்தது. வேறு எந்த மொழியிலும் இல்லை என்று நான் பேச வேண்டும். இவர் மொழியில் இருக்கிறதே! டீச்சர் காதுக்குப் போனால் கடைசி வரி போச்சு, கைதட்டல் போச்சு, முன்பெஞ்சுக்காரி மேடை ஏறிவிடுவாள். அவர் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே ஓடினேன். தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, அந்தச் சத்தத்தை இந்த ஊரில் யாரிடமும் சொல்லிக் காட்டாதீர்கள், அது தமிழுக்கு மட்டும்தான் என்று கெஞ்சினேன்.  அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

எனக்குத்தான் முதல் பரிசு. கையை உயர்த்தியதும் கைதட்டல் அடங்கவே இல்லை. சில வாரம் கழித்து அப்பா ஆலைக் கதை ஒன்றைச் சொன்னார். "புது மேனேஜர் வந்து, உங்க பேர எப்படிங்க சரியாச் சொல்லணும்னு கேட்டாரு. இவரு சிரிச்சிக்கிட்டே 'ரெங்கன் போதும்'ங்கிறாரு. நம்மளோட நல்லா ஒட்டிக்கிட்டாரு மனுசன்." அப்பாடா, வாக்கைக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த ஒலி மலையாளத்தில் இருக்கிறது, சீனத்தில் அதற்கு மிக நெருங்கிய ஒன்று இருக்கிறது, ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் மொழிகள் பலவற்றில் அன்றாடம் புழங்குகிறது என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. அரிதான ஒலிதான், ஆனால் எங்களுக்கு மட்டும் எழுதிவைத்ததில்லை. அதைப் படித்தபோது ஏமாற்றம் வரவில்லை. இன்னும் யார் யார் வாயில் இருக்கிறது என்று தேடத்தான் ஆசை வந்தது.

அந்த மனிதரை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. ஆறு மாதமாக எங்கள் ஊரில் ஒருவரும் அவரை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் மூன்று முறை கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு, இனி அதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றும் நானே சொன்னேன். அவரும் ஊருக்குப் போகும்வரை ரெங்கனாகவே இருந்தார். பரிசுக் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிய ஆறாம் வகுப்புக்காரிக்கு, தான் அவரிடம் கேட்டு வாங்கியது எவ்வளவு பெரியது என்று எங்கே தெரியும்!