வாசக்காலுக்கு அடியில் மூன்று சிவப்புப் பாசி

கட்டட வேலையில் மேலே என்ன வரும் என்பதைப் பிளான் பார்த்துச் சொல்லிவிடலாம். கீழே என்ன வரும் என்பதைக் கடப்பாரைதான் சொல்லும். வீடு கட்டி நொந்த உங்களுக்குப் பாறை வந்திருக்கும், ஊற்று வந்திருக்கும், பங்காளி வந்திருப்பார். எங்களுக்கு வந்தது வேறு.

நான் மேஸ்திரி பொண்ணு. பிளஸ் டூ எழுதி முடித்த மறுநாளே அப்பாவோடு சாந்துச் சட்டி தூக்கப் போய்விட்டேன். சட்டியைவிட எனக்கு நன்றாக வருவது குரல். ஒருத்தர் பத்து நிமிஷம் பேசினால் போதும், பதினொன்றாவது நிமிஷம் அவர் என் தொண்டைக்குள் இருப்பார். வேலை குன்னத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில். வீடு கட்டுகிற செல்வி அக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். குடியிருக்கும் லைன் வீட்டைப் புரட்டாசி பிறக்குமுன் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புரட்டாசியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆக, ஆவணிக்குள் வீடு எழும்பியாக வேண்டும். "ஆவணி தாண்டிரப்புடாது அண்ணாச்சி" என்று அக்கா அப்பாவிடம் தினமும் சொல்லுவார். அவர் வராத நாளில் அதை நான் சொல்லிவிடுவேன், அதே ராகத்தில்.

ஊசி ஒடையாத ஓட்டை

கடைக்கால் தோண்டிய வாரம் மழை. மறுநாள் காலையில், குவித்த மண்ணின் மேல் மூன்று சிவப்புப் பாசிமணி கழுவி வைத்த மாதிரி கிடந்தன. சுண்டைக்காய் அளவு. கண்ணாடி இல்லை, கல். வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே தணல் கிடப்பதுபோல் இருந்தது. மேலே கை நடுங்காமல் இழுத்த வெள்ளைக் கோடுகள். ஏதோ குழந்தை கழுத்திலிருந்து அறுந்து விழுந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

செல்வி அக்கா மட்டும் விடவில்லை. கைப்பையிலிருந்து நூலை எடுத்துக் கோத்துப் பார்த்தார். நூல் எங்கும் முட்டாமல் அந்தப் பக்கம் நேராக வந்தது. மறுபடியும் உருவினார், மறுபடியும் கோத்தார். நாள் முழுக்க ஊசியோடு மல்லுக்கட்டுகிற ஆள் அல்லவா? "எங்க கம்பெனில துணியத் தைக்கவே நாளுக்கு நாலு ஊசி ஒடையுது, இவன் கல்லுல்லா தொளச்சிருக்கான்!"

பூமி செய்த சீர்

வைகாசியில் ஒரு வளர்பிறை நாளில் வாசக்கால், அதான் தலைவாசல் நிலை, வைத்தோம். மரத்துக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அடியில் நவதானியம், பொட்டுத் தங்கம், ஒரு வெள்ளிக்காசு. கூட ஒன்பது வகைக் கல்லும் போடுவது வழக்கம். அக்கா கம்பெனியில் பர்மிஷன் வாங்கி ஓடி வந்ததில் அந்தப் பொட்டலத்தை வாங்க மறந்துவிட்டார். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது.

உங்களுக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் வைத்த வாசக்காலை அசைக்க மாட்டார்கள். அது அசைந்தால் குடும்பம் அசையும் என்பார்கள். அதனால் வைக்கும்போதே எல்லாம் நிறைவாக இருக்க வேண்டும். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். தகரக் கொட்டகையில் வைத்திருந்த மூன்று பாசியையும் எடுத்துக் கண்ணில் ஒற்றி, குழியில் போட்டுச் சாந்தை ஊற்றினார். "கடைக் கல்லு எதுக்குங்க அம்மிணி, பூமித்தாயே சீர் செஞ்சிருக்கறா!"

உள்ள ஆளு

ஆனியில் சுவர் இடுப்பு உயரம் வந்திருந்தது. பின்பக்கம் தண்ணித் தொட்டிக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார் பிரமோத் அண்ணா. பீகார்க்காரர், மூன்று வருஷமாக எங்களோடு இருக்கிறார். கடப்பாரை 'டொக்' என்றது. சுரண்டிப் பார்த்தால் பெரிய மண்பானை வாய். நான் சும்மா இருப்பேனா? குழியில் இறங்கி, பானைக்குள் தலையை விட்டு, செல்வி அக்கா குரலில், "எவம்ல எம் வீட்டைத் தோண்டுறது?" என்றேன். குரல் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, வேறு யாருடையதோ மாதிரி கனத்துத் திரும்பி வந்தது. பிரமோத் அண்ணா ரோட்டுக்கே ஓடிவிட்டார்.

சிரித்துக்கொண்டே செல்போன் டார்ச்சை அடித்தேன். வரிசையாகப் பல். பக்கத்தில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள், நேற்றுத் துடைத்து வைத்ததுபோல் மினுமினுப்பு. அவற்றை ஒருவர் உட்கார்ந்து அடுக்கியிருக்கிறார், எதையும் எறியவில்லை. என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. திரும்பி வந்த பிரமோத் அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, செருப்பு கழட்டு. உள்ள ஆளு இருக்கு."

தகரத்துக்கு அந்தப்பக்கம்

செய்தி பரவியதும் ஊரில் பாதிப்பேர் குழியைச் சுற்றி. "மூடிருங்க, ஆபீசருக வந்தா வேலைய நிறுத்திப் போடுவாங்க" என்பதுதான் எல்லோருடைய யோசனையும். அப்பாவும் தலையாட்டினார். மறுநாள் மூடுவதாக ஏற்பாடு. எனக்கு மனசு கேட்கவில்லை, அந்தக் கிண்ணங்கள் கண்ணிலேயே நின்றன. மத்தியானம் அப்பா தகரக் கொட்டகையில் கண்ணயர்ந்தார். நான் வெளியில் நின்று, தொண்டையைச் செருமி, இடம் அளக்க வந்துபோன வி.ஏ.ஓ. குரலில், "ஏனுங் மேஸ்திரி, குழியில என்னமோ தாழி வந்துச்சாமா?" என்றேன்.

அப்பா எழுந்து வெளியே வருவதற்குள் நான் செங்கல்லுக்குப் பின்னால். ஆள் நின்று பேசாமல் போய்விட்டாரே, கோபம்போல என்று அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வி.ஏ.ஓ. ஆபீசுக்கே போய் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டார். முழுதும் கேட்டுவிட்டு அந்த மனிதர் கேட்டாராம்: "அது செரீங்க, நான் எப்பங்க உங்க கொட்டகைக்கு வந்தேன்?"

அடுத்தவ நகை

வி.ஏ.ஓ. மேலே எழுதிப்போட, தொல்லியல்காரர்கள் வந்தார்கள். குழிக்குள் ஒரு மேடம் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குந்தியிருந்தார். வீட்டு வேலை நின்றது. செல்வி அக்கா கொட்டகைக் காலண்டர் முன்னால் நிற்கும் போதெல்லாம் நான் செங்கல்லுக்குப் பின்னால் போய்விடுவேன். என் வாய்தானே காரணம்! மூன்றாவது வாரம் மேடம், "தொட்டி மட்டும் தள்ளிப் போட்டுக்கங்க, வீடு கட்டலாம்" என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "இதுக்கு முன்னால வேற ஏதாச்சும் கிடைச்சுதுங்களா? பாசி, மணி? தாழியச் சுத்தியும் வெச்சிருப்பாங்க." அப்பா தரையைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றே சாந்து குழைக்கலாம்.

அக்கா குழியோரம் போய், "உள்ள இருக்கது யாரும்மா?" என்றார். "சின்ன வயசுப் பொண்ணா இருக்கலாம். இன்னும் பார்க்கணுங்க. பிரியமானவங்கதான் இதெல்லாம் கூட வெச்சு அனுப்பியிருக்காங்க." அக்கா குனிந்து அந்தக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் வந்து வாசக்காலைப் பெயர்க்கச் சொன்னார். அப்பா பதறிப்போனார். "வெச்ச வாசக்கால் அம்மிணி! குடும்பத்துக்கு ஆகாதுங்க! ஆவணிக்கும் முடியாதுங்க!" செல்வி அக்கா முந்தானையை இடுப்பில் செருகினார். "அந்தப் புள்ளைக்குப் போட்டு அனுப்புன நகைய வாசல்ல பொதைச்சி வச்சிட்டு, தெனமும் அத மிதிச்சிட்டா உள்ள போவச் சொல்லுதிய?"

இரண்டாம் தடவை

இருபுறச் சுவரையும் இடித்துத்தான் வாசக்காலைத் தூக்க முடிந்தது. சாந்துக் கட்டியை மேடம் மூங்கில் குச்சியால் அரைநாள் சுரண்டினார். மூன்றாவது பாசி வெளியே வந்து வெயிலைப் பிடித்தபோது, அங்கே நின்ற பதினைந்து பேரும் செருப்பைக் கழற்றியிருந்தோம்.

அதன்பிறகு அப்பா ஞாயிற்றுக்கிழமை பார்க்கவில்லை, பிரமோத் அண்ணா ஊருக்குப் போகவில்லை, நான் குரல் காட்டவில்லை. ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில், பூச்சு இல்லாத சுவருக்கு நடுவில், பக்கத்து வீட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவி அக்கா பால் காய்ச்சினார். அதற்கு முன்னால் வாசக்காலை மறுபடி வைத்த அன்று, குழிக்குள் கையை விட்ட அப்பாவிடம் அவர் போட்ட ஒரே நிபந்தனை: "இந்தத் தடவ பில்லு உள்ள கல்லா போடுங்க அண்ணாச்சி."

ஊரில் எல்லோரும் ஒரு தடவை நல்ல நேரம் பார்த்து வாசக்கால் வைக்கிறார்கள், செல்வி அக்கா இரண்டு தடவை வைத்தும் குடும்பம் அசையவில்லை, அசைந்ததெல்லாம் எங்கப்பாவின் இடுப்பு மட்டும்தான்.