அக்காவின் குரலில் வந்த சாட்சி

என் அக்காவுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணத்தை நிறுத்தியவன் நான். ஜாதகம் சரியில்லை என்றும் நகையில் தகராறு என்றும் உறவுக்குள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டும் இல்லை. அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இதைப் படிக்கும் உங்களிடம் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே எங்கள் ஊரில் அக்கா பிறந்தார். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தார். எழுபதுகளில் மழை தவறி, அப்பா வறண்ட கிணற்றை எட்டிப் பார்த்துப் பார்த்துத் திரும்பிய நாட்களில், அவருடைய பள்ளி ஆசிரியை ஒருவர் அவரைக் காளவாசலுக்கு அப்பால் ஒரு சந்தில் இருந்த கிறிஸ்தவ வானொலி நிலையத்தில் வாசிப்பவராகச் சேர்த்துவிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஊருக்குப் பக்கத்திலிருந்த பல்கலைக்கழகத்தில், விடுதியில் தங்கி எம்.ஏ. படித்தேன்.

வானொலி நிலையம் என்று பெயர்தான்; ஒலிபரப்பும் கம்பம் கிடையாது. வாடகை வீடு. ஜன்னல்களைச் சாக்கும் பழைய மெத்தையும் வைத்து அடைத்திருந்தார்கள். தனியார் ஒலிபரப்ப இங்கே அனுமதி இல்லாததால், பேசுவதை ஒலிநாடாவில் பதிந்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். சில வாரங்கள் கழித்து அது சிற்றலையில் நம் ஊருக்கே திரும்பி வரும்.

எனக்கு இது எதுவும் சரியாகப் படவில்லை. இங்கே உள்ளவர்களுக்குச் சொல்வதைக் கடல் தாண்டி அனுப்புவானேன்? ஜன்னலை அடைப்பானேன்? அக்கா தினமும் திருநீறு பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போனார். மதம் மாறியதை மறைத்து நம்மை ஏமாற்றத்தான் பூசுகிறார் என்று அதையும் சந்தேகப்பட்டேன். சந்தேகம் பிடித்தவனுக்கு எல்லாமே அத்தாட்சிதான்.

அந்தச் சமயத்தில் திருவாதவூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அக்காவைக் கேட்டார்கள். பேசி முடித்து, பூ வைக்க நாளும் குறித்தாயிற்று. ஒரு சாயங்காலம் விடுதியில் என் அறை நண்பன் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான்.

"டேய், இது உங்க அக்கா மாதிரி இல்ல?"

அக்காவேதான். "வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை மறுத்தேன். சொந்த பந்தங்களை விட்டு வந்தேன். ஞானஸ்நானம் பெற்றேன். இன்று சமாதானமாக இருக்கிறேன்" என்று குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீடு பக்கத்தில்தான். போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் காலையில் திருவாதவூருக்குப் பஸ் ஏறினேன். பின்னால் தெரிந்தால் குடும்பத்துக்குப் பழி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா மதம் மாறிவிட்டார் என்று நான் சொன்னதைக் கேட்ட மாப்பிள்ளையின் தகப்பனார் தம் மனைவியைப் பார்த்தார். "படிச்ச பிள்ளை. கூடப் பொறந்தவளப் பத்திப் பொய்யா சொல்லப் போகுது?" பிறகு என்னிடம், "சாப்பிட்டுப் போங்க தம்பி" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பூ வைக்க யாரும் வரவில்லை. காரணம் தெரிந்ததும் அப்பா அக்காவை வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தினார்.

"அது யாரோ ஒரு பொம்பள எழுதி அனுப்புனதுப்பா. நான் வாசிச்சேன், அம்புட்டுத்தான்" என்றார் அக்கா.

"அப்படிச் சொல்லணும்னு அங்கயே சொல்லிக் குடுத்திருப்பாங்க" என்றேன் நான்.

சண்டை போடத்தான் அந்த நிலையத்துக்குப் போனேன். பொறுப்பாளராக இருந்த பெரியவர் உதட்டில் விரல் வைத்தார். "திட்டுறதா இருந்தா வெளிய வந்து திட்டுங்க தம்பி. டேப் ஓடுது."

கண்ணாடிக்கு அப்பால், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்ட ஓர் இளைஞர் வாசித்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஐந்து பேரப்பிள்ளைகள், கண் மங்கிவிட்டது" என்று நடுங்கும் குரலில் சொன்னார். முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "கெழவன் மாதிரி வந்துச்சாண்ணே?" என்று பெரியவரைக் கேட்டார். அவருக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

நேயர்கள் எழுதி அனுப்பும் வாழ்க்கை அனுபவத்தைச் சாட்சி என்பார்கள். எழுதியவரே பேசுவதுபோல் நிலையத்தார் அதை வாசிப்பது வழக்கம். பெரியவர் எனக்கு விளக்கிச் சொன்னார். ஜன்னல் அடைப்பு காக்கைச் சத்தம் உள்ளே வராமல் இருக்கவாம்.

நான் செய்ததை அவரிடம் சொன்னேன். "எனக்கும் ஒண்ணு குடுங்கய்யா, வாசிக்கிறேன்" என்றேன். இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். யோசித்துவிட்டு, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிலத்தை விற்றுக் குடித்த ஒருவரின் சாட்சியைக் கொடுத்தார்.

மறுபடி திருவாதவூர் போனேன். "சனிக்கிழமை சனிக்கிழமை ரேடியோவைக் கேளுங்க. நான் மூணு பிள்ளைக்குத் தகப்பன்னு பேசுவேன். அதை நம்பினா அக்கா பேசினதையும் நம்புங்க" என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

சில வாரங்களில் அது வந்தது. காளவாசல் டீக்கடையில் ஒருவன், "ஏன் மாப்ள, நெலத்தையெல்லாம் குடிச்சே தீத்துட்டியாமே, எங்களுக்கு ஒரு டீயாவது வாங்கித் தந்தியா?" என்றான். எங்கள் சித்தப்பா ஒருவர் சாகும்வரை என் வாயை மோந்து பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

திருவாதவூர்க்காரர்கள் பழத்தட்டோடு வந்தார்கள். அக்கா வணங்கினார். எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். பிறகு நின்றுகொண்டே சொன்னார்.

"ரேடியோவுல கேட்டு வேண்டாம்னீங்க. இப்பவும் ரேடியோவுல கேட்டுத்தான் வேணும்ங்கிறீங்க. நடுவுல எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே மாமா." என்னைப் பார்த்தார். "இந்தா நிக்கிறானே, இவனுந்தான்."

தட்டு திரும்பிப் போயிற்று. அப்பா மறுவாரமே அக்காவை வேலைக்கு அனுப்பினார். எண்பதுகளில் கேசட்டுகள் பெருகி, அந்த வீட்டைக் காலி செய்து சாக்குகளைக் கழற்றும்வரை அக்கா அங்கே வாசித்தார். எத்தனையோ பெண்களின் துயரத்தைத் தம்முடையதாகச் சொன்னவர், தம்முடையதைச் சொன்னதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் பிள்ளைகளை வளர்த்தார். என்னை ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் உடனிருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், சோறு கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், தினமும் வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய வானொலி இளைஞருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவருக்கு இப்போது நிஜமாகவே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த மருத்துவமனையில்தான் ஒருநாள் கேட்டேன். "அக்கா, அந்தத் திருவாதவூர் மாப்பிள்ளைய உனக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"இம்புட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சாடா?" என்று சிரித்தார். பிறகு பதில் சொன்னார்.

அந்தப் பதிலை இங்கே எழுதவில்லை. அக்காவின் பேச்சை ஊருக்குக் கொண்டுபோய்ச் சொல்லும் வேலையை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்துவிட்டேன்.